ரோமில் முறைத்துக்கொண்டிருக்கும் ராஜா

வழி, செலவு எல்லாம் அப்புறம். முதலில் ராஜா.

கேப்பிட்டோலின் அருங்காட்சியகத்துக்குள் நுழையும் கூட்டம் ஓநாய்ச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு, ரோமப் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் குதிரைச் சிலையைச் சுற்றிவிட்டு வெளியேறிவிடுகிறது. அதே அருங்காட்சியகத்தின் ஒரு கட்டடமான கன்சர்வேடோரி மாளிகையில்தான் ஆன்ஜூ சார்லஸ், சிசிலியின் அரசர், சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தவறவிடுவது சுத்த அநியாயம்.

1277 வாக்கில் அர்னோல்ஃபோ தி காம்பியோ செதுக்கிய பளிங்குச் சிலை இது. உயிரோடு இருந்த ஒருவருக்கே வைத்தது. இடைக்கால ஐரோப்பாவில் அப்படி மிஞ்சியிருப்பவை சொற்பம். முகத்தை ஓரிரு நிமிஷமாவது பாருங்கள். சுருங்கிய நெற்றி, அகன்ற கண், இறுகிய உதடு. தெய்வக்களையா? துளியும் இல்லை, வரி வசூலிக்க வந்த ஆள்! கீழிருந்து பார்க்கும்படி செய்த சிலை, அதனால் கொஞ்சம் குனிந்து அண்ணாந்து பார்த்தால்தான் அந்த மிடுக்கு முழுசாகத் தெரியும். ஆசனத்தின் இரு ஓரத்திலும் சிங்கத்தலை. உடுப்பின் மடிப்போ பழைய ரோமானியச் சிலைகளிலிருந்து நேராக வந்த மாதிரி. காரணம் உண்டு: ரோமின் செனட்டர் பதவியும், அதாவது நகரத்தை ஆளும் பொறுப்பும், அவரிடம்தான் இருந்தது. 1278-இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் அதைப் பிடுங்கினார். 1282 கலகத்தில் சிசிலித் தீவும் போயிற்று. சிலை மட்டும் விறைப்பாகவே இருக்கிறது.

சரி, வழி. டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து 40 அல்லது 64-ஆம் நம்பர் பஸ், வெனிசியா சதுக்கம் பக்கம் இறங்கவும். 64-இல் பிக்பாக்கெட் பிரசித்தம். பையை முன்னால் மாட்டுங்கள். டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிஷம் செல்லும். ஏறியதும் மெஷினில் முத்திரை குத்தாவிட்டால் மிச்சம் பிடித்த காசெல்லாம் அபராதத்தில் போய்விடும். அருங்காட்சியகம் 9.30 முதல் 19.30 வரை, கடைசி அனுமதி ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். நுழைவுக் கட்டணம் மலிவே அல்ல, அவசரமாகச் சுற்றினால் தண்டம். கண்ணில் படாவிட்டால் காவலரிடம் "கார்லோ தாஞ்சோ" என்று சார்லஸின் இத்தாலியப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அருங்காட்சியகம் இருக்கும் குன்றில் ஏற மைக்கேலாஞ்சலோ அமைத்த சரிவுப் பாதை போதும். பக்கத்திலிருக்கும் செங்குத்தான 124 படி ஆராசேலி தேவாலயத்துக்கு. உள்ளே போகக் காசு வேண்டாம், முழங்கால்தான் வேண்டும். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், தெருக்குழாயில் வருவது குடிநீர்தான்.