செங்கல் பிடித்த கைகள்

காலையில் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஜெர்ரி ரைஸின் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வரும்போது அவர் கைகளை மட்டும் பாருங்கள். விரிந்த விரல்கள், பந்து வந்ததும் பதற்றமே இல்லாமல் மூடிக்கொள்கின்றன.

அவர் வளர்ந்தது அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு குக்கிராமம். அப்பா கொத்தனார், கோடை லீவில் பிள்ளைகளுக்கும் அதே வேலை. கீழிருந்து சகோதரர்கள் செங்கலைத் தூக்கிப் போட, சாரத்தின் மேல் நின்று இவர் பிடிப்பார். ஒவ்வொன்றாக, வெயில் முழுக்க.

1985-ல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் ஆண்டு பந்துகளை நழுவவிட்டார். சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள்.

அப்புறம் 20 சீசன், 3 சூப்பர் பவுல் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப்போட்டி) வெற்றி. பந்து பிடித்துச் சேர்த்த தூரம் 22,895 கெஜம்! இரண்டாம் இடத்தில் இருப்பவர் 5,000 கெஜத்துக்கு மேல் பின்னால் நிற்கிறார்.

இதைப் பிறவித் திறமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

2010-ல், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில், தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் வாழ்நாள் முழுக்கத் தன்னை ஓட வைத்தது என்றார். ஆடிய காலத்தில் நின்று ரசிக்கவில்லை, அது ஒன்றே வருத்தம் என்றும் சொன்னார்.

இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஜெயித்த பிறகும் அந்தப் பயம் போவதில்லை. எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்.