ஷகீரா கட்டிய பள்ளிகளும் எங்கள் பட்ஜெட் ஷீட்டும்

தாராவியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே வரும் பிள்ளைகளில் நிறையப் பேர், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பகலில் மாநகராட்சிப் பள்ளியில் படித்துவிட்டு ஐந்து மணிக்கு மேல் எங்களிடம் வருவார்கள். என் வேலை பாதி மையத்தில், மீதிப் பாதி லேப்டாப் முன்னால்: கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் நிதி (சமூகப் பணிக்கு அவர்கள் ஒதுக்கும் பணம்) கேட்டு எழுதுவது, கிடைத்த நிதிக்குக் கணக்கும் அறிக்கையும் கொடுப்பது.

ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பாட்டு ‘வாக்கா வாக்கா’. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்த பாட்டு, இவர்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை, ஆனாலும் ஒரு அடி பிசகாமல் ஆடுகிறார்கள். "பாடுற அக்கா யாரு டீச்சர், எந்த ஊரு?" என்று கேட்டார்கள். சொல்லிக்கொடுக்கலாமே என்று ஷகீராவைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன், படிக்கப் படிக்க அது என் வேலையைப் பற்றிய படிப்பாக மாறிவிட்டது.

ஷகீரா 1977 பிப்ரவரியில் கொலம்பியாவின் பாரன்கியா என்ற துறைமுக நகரத்தில் பிறந்தவர். மக்தலேனா ஆறு கரீபியன் கடலில் கலக்கிற இடம். அப்பா லெபனான் வம்சாவளி, நகை வியாபாரம். ஷகீரா சிறு குழந்தையாக இருந்தபோதே அப்பாவின் மூத்த தாரத்துப் பிள்ளைகளில் ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார், அந்தத் துக்கத்தை மறைக்க அப்பா வருடக்கணக்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார். எட்டு வயதில் அந்தப் பெண் எழுதிய முதல் பாட்டே அந்தக் கண்ணாடியைப் பற்றியதுதான். பள்ளியில் சேர்ந்திசைக் குழுவில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், குரல் ஆடு கத்துவதுபோல இருக்கிறது என்று கேலி வேறு. 13 வயதிலேயே பெரிய இசை கம்பெனியோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது, ஆனால் 1991-லும் 1993-லும் வந்த முதல் இரண்டு ஆல்பங்கள் விலைபோகவில்லை. 1995-ல் வந்த மூன்றாவது ஆல்பம்தான் லத்தீன் அமெரிக்கா முழுக்க அவரைக் கொண்டுபோனது.

நான் நின்று யோசித்த இடம் இதற்கெல்லாம் முன்னால் நடந்தது. அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போகிறது. கொஞ்ச நாள் சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் சாமான் இல்லை, கார்கள் இல்லை, கலர் டிவி இருந்த இடத்தில் கறுப்பு வெள்ளை டிவி. குழந்தை கோபப்படுகிறது. அப்பா அவரை ஒரு பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே காலில் செருப்பில்லாமல் போதைக்காகப் பசையை முகர்ந்துகொண்டு கிடந்த ஆதரவற்ற பிள்ளைகளைக் காட்டுகிறார். ஒரு நாள் பெரிய ஆளானால் இவர்களுக்கு ஏதாவது செய்வேன் என்று அன்றைக்கு நினைத்ததாக ஷகீரா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஒப்பவில்லை. ஏனென்றால் இப்படிக் காட்டுவதற்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களை எங்கள் மையத்தில் தொடர்ந்து பார்க்கிறேன். மகனுக்கோ மகளுக்கோ பிறந்தநாள் என்றால் கேக், பலூன், கலர் பென்சில் பெட்டிகளோடு வருவார்கள். "நீ எவ்வளவு அதிர்ஷ்டசாலி என்று பார்" என்று தங்கள் பிள்ளை காதில் சொல்வது எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கும். ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். கார் சத்தம் கேட்டதுமே தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, தலையைக் கையாலேயே வாரிவிடுவாள். போட்டோவில் முன்னால் இருப்பவர்களுக்குத்தான் பென்சில் பெட்டி முதலில் வரும், பின்னால் போகப் போகத் தீர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவளை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வயதில் ஒரு குழந்தைக்கு அந்தக் கணக்குத் தெரிய வேண்டியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் ஷகீராவின் அப்பா காட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருப்பதாக இப்போது நினைக்கிறேன். அவர் எல்லாவற்றையும் இழந்த நிலையில் நின்று, அதே ஊர்ப் பிள்ளைகளை, நாளைக்கும் அவள் கண்ணில் படப்போகிற பிள்ளைகளைக் காட்டினார். பார்த்த பெண்ணும் பார்த்ததோடு போய்விடவில்லை. முதல் பெரிய வெற்றி கிடைத்த கொஞ்ச நாளிலேயே, 1997-ல், 20 வயதில், அந்த மூன்றாவது ஆல்பத்தின் பெயரிலேயே ‘பியெஸ் தெஸ்கால்சோஸ்’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். வெறுங்கால்கள் என்று பொருள். அன்றிலிருந்து இன்றுவரை அது ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது: பள்ளிக்கூடம்.

அதுவும் எங்கே? 2009-ல் பாரன்கியாவின் லா பிளாயா பகுதியில் ஒன்று, அவர் சொந்த ஊர். பசிபிக் பக்கம் சோக்கோ மாநிலத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிப்தோவில். தலைநகர் பொகோட்டாவை ஒட்டிய சோவாச்சாவின் மலைச்சரிவுக் குடியிருப்பில். 2014-ல் கார்த்தஹேனா நகரத்தில், சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஒரு குன்றின் மேல். உள்நாட்டுச் சண்டையில் கிராமங்களை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் ஒதுங்கிய இடங்கள் இதில் பல. இவை பணம் கட்டிப் படிக்கிற தனியார் பள்ளிகள் இல்லை, அரசோடு கைகோத்து நடக்கும் பொதுப் பள்ளிகள். படிப்போடு சாப்பாடும் உண்டு, பெற்றோருக்கான வகுப்புகளும் உண்டு.

எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். ஒரு கட்டடத்தைத் திறந்து ரிப்பன் வெட்டுவது ஒரு நாள் வேலை. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது வாத்தியார் இருக்கிறாரா, அதற்கடுத்த ஜூனிலும் அதே வாத்தியார் இருக்கிறாரா என்பதில்தான் பிள்ளையின் படிப்பு இருக்கிறது. எங்கள் வேலையில் இதைப் புரியவைப்பதுபோலக் கஷ்டம் வேறில்லை. போன வருடம் ஒரு கம்பெனிக்கு பட்ஜெட் அனுப்பினேன். எக்செல் ஷீட் திரும்பி வந்தபோது ஆசிரியர் சம்பள வரிசைக்கு மஞ்சள் அடித்து "இதைக் குறைக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார்கள். ஸ்கூல் பேக் வரிசையில் எண்ணிக்கையை அவர்களே கூட்டியிருந்தார்கள். பேக்கில் கம்பெனி லோகோ அச்சடிக்கலாம், டீச்சர் மேல் அச்சடிக்க முடியாது. பெரிய கம்பெனிகளின் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குப் போக வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கொடைதான், மறுக்கவில்லை. ஆனால் மார்ச் 31-க்குள் செலவழித்து முடிக்கிற அவசரத்தில் வருகிற பணத்தை வைத்து, ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுபோக முடியாது.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். மையத்தில் மாலையில் சுண்டல், அவல், வாழைப்பழம் ஏதாவது ஒன்று கொடுக்கிறோம். இது படிப்பில் சேராது, வெட்டிவிடலாம் என்று ஒரு ஆலோசனைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, வீட்டுவேலை செய்கிறவர், மூத்த மகள் எங்கள் மையத்தில் படித்து இப்போது கல்லூரிக்குப் போகிறாள். "டீச்சர், ஊர்ல சத்துணவு இல்லன்னா நான் அஞ்சாவதுகூடப் படிச்சிருக்க மாட்டேன், அவர்கிட்ட இதை இந்தியில சொல்லுங்க" என்றார். சொன்னேன். 1956-ல் காமராசர் தொடங்கியது, 1982-ல் எம்ஜிஆர் விரிவாக்கியது, எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன். கொலம்பியப் பள்ளிகளில் சாப்பாடு ஏன் இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கூட வேலை பார்க்கும் மராட்டிப் பெண் ஒருத்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஸ்பெயினில் வரி ஏய்ப்பு வழக்கில் மாட்டினாரே, அவரைப் போய்ப் புகழ்கிறாயா?" என்றாள். சரியான கேள்வி. 2023 நவம்பரில் பார்சிலோனா நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டு, 70 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார். அரசுப் பள்ளி நடப்பதே வரிப்பணத்தில்தான், அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ள மாட்டேன். அதே சமயம் கிப்தோவில் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் படிப்பு அதனால் பொய்யாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று அவளும் நானும் பேசி முடிவு செய்தோம்.

2007 மார்ச்சில் ஷகீரா மும்பைக்கு வந்து பாந்த்ரா குர்லா வளாகத்தில் பாடியிருக்கிறார். மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் அந்த மைதானம். பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் ஒரே கூச்சல், "இங்கயா? நம்ம பக்கத்துலயா?" என்று.

இந்த வருட விண்ணப்பத்தில் ஆசிரியர் சம்பளத்தையும் மாலைச் சிற்றுண்டியையும் முதல் இரண்டு வரிசையில் வைத்து, மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். பேக் கேட்கவில்லை. பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் வருடம் முழுக்க மாதம் ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கச் சம்மதித்தால் மட்டும் வரலாம் என்று ஒரு வரியும் சேர்த்தேன். எங்கள் சார் அந்த வரியைப் படித்துவிட்டு "கொஞ்சம் கடுமையா இருக்கே" என்றார், ஆனால் அதை நீக்கவில்லை. கம்பெனி ஒரு வருடத்துக்குச் சரி என்று பதில் போட்டிருக்கிறது. மீதி இரண்டு வருடத்துக்காக அடுத்த வாரம் நேரில் பேசப் போகிறோம், அந்த அம்மாவும் கூட வருகிறார்.