வாஜ்பாய் கொடுத்த வாக்கும் தா ப்ரோம் கற்களும்

2002 ஏப்ரலில் பிரதமர் வாஜ்பாய் கம்போடியா போனபோது, அங்கோரில் உள்ள தா ப்ரோம் கோயிலைச் சீரமைத்துத் தர இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தக் கோயிலின் நடன மண்டபத்தை 2022 நவம்பரில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் திறந்துவைத்தார். நடுவில் இருபது வருடம். ஒரு மண்டபத்துக்கு ஏன் இவ்வளவு காலம் என்று கேட்பவர்கள், அந்தக் கல்லையும் மண்ணையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186-இல் எழுப்பிய பௌத்தக் கோயில் இது. பழைய பெயர் ராஜவிகாரம். உள்ளே 12,640 பேர் குடியிருந்ததாக இங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. பிற்காலத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கோர்க் கோயில்கள் பலவற்றைக் காடு வெட்டிச் சீராக்கியபோது, இதை மட்டும் பெரும்பாலும் மரங்களோடே விட்டுவைத்தார்கள். இன்று இதன் அழகு அதுதான், ஆபத்தும் அதுதான்.

நம் ஊர்க் கோபுரத்தில் அரசங்கன்று முளைப்பது போலத்தான் இங்கேயும். பறவை எச்சத்தில் வந்த விதை கூரை இடுக்கில் முளைத்து, வேர் சுவர் வழியே இறங்கி மண்ணைத் தொடுகிறது. மெலிந்த வேராக இடுக்கில் நுழைந்தது, பருக்கும்போது கல்லை நெம்பிவிடுகிறது. அப்படியானால் வெட்டிவிடலாமே என்றால், அதுவும் முடியாது. பல இடங்களில் இப்போது சுவரைப் பிடித்து நிறுத்தியிருப்பதே அந்த வேர்தான். மரம் பட்டு வேர் உளுத்துப்போனால் சுவரும் கூடவே சரியும். அதனால்தான் இந்தியத் தொல்லியல் துறையோடு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐஐடியும் இந்தப் பணியில் சேர்ந்தன. மரத்துக்கு ஒரு வைத்தியம், சுவருக்கு ஒரு வைத்தியம், இரண்டும் ஒன்றுக்கொன்று கெடுதல் செய்யாமல் நடக்க வேண்டும்.

மரத்தைவிடப் பெரிய எதிரி தண்ணீர். கெமர் கட்டடங்களுக்கு அடியில் இருப்பது இறுக்கிய மணலும் செம்புராங்கல்லும். பழைய வடிகால் அடைபட்டு மழைநீர் தேங்கினால் மணல் நகரும். ஒரு மூலை அமுங்கும். சுவரில் சாந்து கிடையாது, கல்மேல் கல்தான். செங்குத்து இணைப்புகளும் பல இடங்களில் ஒரே கோட்டில் வருவதால், ஒரு பிளவு மேலிருந்து கீழ் வரை தடையில்லாமல் இறங்கிவிடும். வடிகாலைச் சரிசெய்யாமல் மேலே கல்லடுக்கினால் வேலை வீண்.

விழுந்த மண்டபத்தைத் தூக்கி நிறுத்தும் முறை இது. முதலில் குவியலைக் கிடந்தபடியே அளந்து வரைந்து படமெடுக்க வேண்டும். ஒரு கல் எங்கே விழுந்தது என்பதே அது எங்கே இருந்தது என்பதற்கு முதல் சாட்சி. பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் எண். நிற்கும் பகுதியைப் பிரிக்க வேண்டியிருந்தால் மேல் வரிசையிலிருந்து இறங்கி வர வேண்டும். கெமர் கொத்தர்கள் கல்லோடு கல்லைத் தேய்த்துப் பொருத்தியதால், ஒரு கல் தன் பழைய இடத்தில்தான் சரியாக உட்காரும். தரையில் ஒருமுறை அடுக்கிப் பார்த்து, செதுக்கல் கோடு அடுத்த கல்லில் தொடர்கிறதா என்று உறுதி செய்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் நாலு வரிசை தாண்டியபின் இடைவெளி தெரியும். மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். உடைந்த கல்லைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி செருகி ஒட்டுவார்கள். சாதாரண இரும்பு வைத்தால் துரு ஊதி அதே கல்லைப் பிளக்கும்.

அவசரத்தின் விலை இந்தியாவுக்குத் தெரியும். 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டில், போர் ஓயாத காலத்தில், மற்ற நாடுகள் பலவும் வரத் தயங்கியபோது நம்மவர்கள் வேலை செய்தார்கள். அந்தத் துணிச்சல் பெரிது. ஆனால் பாசியை நீக்க அம்மோனியாக் கரைசல் பயன்படுத்தியதும், சிமென்ட் பூசியதும் கடுமையான கண்டனத்துக்கு ஆளாயின. பிரான்சும் ஜப்பானும் தலைமை வகிக்கும் பன்னாட்டுக் குழு 1993-இல் அமைந்தது. அதன் பிறகு அங்கோரில் எந்த நாட்டின் வேலையும் அந்தக் குழுவின் நிபுணர்கள் பார்வைக்குப் போகிறது. தாமதம்தான், ஆனால் தேவையான தாமதம்.

தா ப்ரோம் போகிறவர்கள் வேர் படர்ந்த வாசலில் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், கிழக்குப் பக்கத்து நடன மண்டபத்தையும் பாருங்கள். வாசல்களுக்கு மேலே ஆடும் பெண்கள் வரிசையாக இருப்பார்கள். கற்களில் விரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளைகள் தெரியும். அன்று கல்லைத் தூக்க முளை அடித்த இடங்கள் அவை. மரப்பாதை போட்டிருக்கும் இடத்தில் அதைவிட்டு இறங்காதீர்கள். மிதிபட்டு மண் இறுகினால் வேர் மூச்சுவிடாது.