அக்கா கல்யாண வீடியோ, 11,842 துண்டுகளாக

வீட்டு நாஸ் பெட்டியிலிருந்து (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி, உள்ளே லினக்ஸ்) அக்காவின் கல்யாண வீடியோவை லேப்டாப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். 14 ஜிபி. ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி வரவேண்டும், 45ஐத் தாண்டவில்லை. "இன்னுமா சுத்திக்கிட்டு இருக்கு?" என்றார் அம்மா, மூன்றாவது தடவையாக.

கேபிளை மாற்றினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். டிஸ்க் சாகப்போகிறதோ என்று அதன் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட் சோதனையும் ஓட்டினேன், கல்லுக்குண்டாக இருந்தது. கடைசியில்தான் நாஸுக்குள் நுழைந்து, ஒரு கோப்பு டிஸ்க்கில் எத்தனை துண்டாகச் சிதறிக் கிடக்கிறது என்று சொல்லும் ஃபைல்ஃப்ராக் கட்டளையைக் கொடுத்தேன். அந்த ஒரே கோப்பு 11,842 துண்டு!

லினக்ஸில் டீஃப்ராக், அதாவது சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை, தேவையே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். விண்டோஸ் 98இல் கலர் கட்டங்கள் நகர்வதை மணிக்கணக்காக வேடிக்கை பார்த்த தலைமுறைக்கு அதில் ஒரு பெருமை. பொய்யில்லை; லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 எழுதவேண்டியதைக் கொஞ்சநேரம் நினைவகத்தில் சேர்த்துவைத்து, மொத்தமாக இடம் பிடிக்கும். ஆனால் பிடிக்க இடம் இருக்கவேண்டுமே. என் 4 டிபி டிஸ்க் 98 சதவீதம் நிரம்பியிருந்தது. ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கும் 5 சதவீதம் துண்டாவதைத் தடுக்கவும்தான் என்று தெரியாமல், "200 ஜிபி வீணாப் போகுதே" என்று ஆரம்பத்திலேயே அதைப் பூஜ்யமாக்கியிருந்தேன்.

போதாததற்கு, இதே டிஸ்க்கில் பதிவு செய்யும் நாலு காவல் கேமரா. பாதி நேரம் எங்கள் முருங்கை மரத்தையும் தெருநாயையும்தான் பதிவு செய்கின்றன. நாலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும். இடம் தீர்ந்தால் பழையதை அழிக்கும். டிஸ்க் முழுக்கப் பொத்தல். கல்யாண வீடியோ அந்தப் பொத்தல்களில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் டிஸ்க் தட்டுக்கு ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்கவேண்டும். படிக்கும் ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால் அடுத்த துண்டுக்கு ஒரு தாவலுக்குச் சுமார் 17 மில்லிநொடி. பன்னிரண்டாயிரம் தாவலுக்கு 200 நொடி! இரண்டு நிமிடத்தில் முடியவேண்டியது ஐந்தரை நிமிடம் ஆனதில் ஆச்சரியமில்லை.

எக்ஸ்ட்4க்கான டீஃப்ராக் கருவி இ4டீஃப்ராக்கை ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதுவும் தொடர்ச்சியான காலியிடத்தில் புதிதாக எழுதித்தான் மாற்றும். அந்த இடம்தானே இல்லை. பரணில் கிடந்த பழைய 1 டிபி டிஸ்க்கை எடுத்து மாட்டி, கேமராக்களை அதற்குத் துரத்தினேன். பழைய பதிவுகளை அழித்ததும் 70 சதவீதத்துக்கு இறங்கியது. வீடியோவை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, சரிபார்த்து, இங்கே அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். 19 துண்டு. 5 சதவீதத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மற்றக் கோப்புகளைத் தொடவில்லை. படம் ஓட நொடிக்கு 3 எம்பி போதும், அது எத்தனை துண்டாகக் கிடந்தால் என்ன? கேமரா டிஸ்க் கந்தலாகத்தான் இருக்கும். முருங்கை மரத்தை யாரும் அவசரமாகப் பார்க்கப்போவதில்லை.