அனுமார் கொண்டுவந்த தண்ணீர்

தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து, சிவன் கோயில் இருக்கும் தீர்த்தமலை 16 கிலோமீட்டர்தான். நேராக மலைக்கே போய்விடலாம் என்றால் அத்தை விடவில்லை. முதலில் அனுமந்த தீர்த்தத்தில் முங்கிவிட்டுத்தான் மலை ஏறவேண்டும், அதுதான் முறையாம். சரி என்று ஊத்தங்கரை சாலையைப் பிடித்துத் தென்பெண்ணைக் கரைக்குப் போனோம்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கதை தெரியும். இராவண வதம் முடிந்து திரும்பும் வழியில் இராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைக்கிறார். கங்கை நீர் கொண்டுவர அனுமார் காசிக்குப் பறக்கிறார். நேரம் போகிறது, ஆளைக் காணோம். இராமர் மலையில் ஓர் அம்பை விட, பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பூஜையும் முடிந்துவிடுகிறது. அப்புறம்தான் அனுமார் வந்து சேர்கிறார். கோபத்தில் அவர் வீசியெறிந்த தண்ணீர் விழுந்த இடம்தான் அனுமந்த தீர்த்தம்.

அழைத்தவன் வேலைக்கு உயிரைக் கொடுத்துப் போனவர் அவர். கொண்டுவந்தது பூஜைக்கு ஆகவில்லை. ஆனால் ஊர் என்ன செய்தது பாருங்கள்: பயன்படாத அந்தத் தண்ணீரில்தான் முதல் குளியல் என்று வைத்துவிட்டது! காரியம் கைகூடினால்தான் சாமி கணக்கில் சேரும் என்று பேசுகிறவர்களை ஒருமுறை இங்கே கூட்டிவரவேண்டும்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரூரில் இட்லிக்கடை வைத்து என் அப்பாவையும் சித்தப்பாவையும் படிக்கவைத்தவர். ‘வாழ்க்கையையே தொலைச்சுட்டா’ என்று அவர் காதுபடவே பேசியிருக்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மலை ஏறியதில்லை. “சாமி கூப்பிடலையா அத்தை?” என்று கேட்டால், “கூப்பிடாம என்ன, மாவு யாரு ஆட்டறது?” என்பார்.

கரையில் ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “அனுமாருக்குக் கோவம் வந்துச்சு பாரு, அதாண்டா எனக்குப் பிடிச்சது. ஏனோதானோன்னு போயிருந்தா கோவம் எங்கிருந்து வரும்?”

எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

அடிவாரத்திலும் ஒரு கோயில் இருக்கிறது. பலர் அங்கேயே கும்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறுவது முழங்காலுக்கு வேலைதான். வழியெல்லாம் குரங்குகள், பாதித் தூரத்தில் ஒன்று எங்கள் வாழைப்பழப் பையைப் பறித்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து நிதானமாக உரித்தது. அனுமார் வகையறா, என்ன சொல்லமுடியும்? அத்தை பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். திரும்பிவிடலாமா என்று மட்டும் கேட்கவே இல்லை.

மேலே தீர்த்தகிரீசுவரர், வடிவாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். அகத்தியர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அக்னி தீர்த்தம் எல்லாம் உண்டு. ஆனாலும் கூட்டம் இராம தீர்த்தத்தில்தான். உயரத்தில் பாறையிலிருந்து நூலாக இறங்கும் தண்ணீர், காற்று அடித்தால் விலகி அடுத்தவர் தலையில் விழும். அதற்கேற்ப நாமும் இரண்டடி நகர்ந்து நிற்கவேண்டும். உச்சந்தலையில் பட்டதும் சில்லென்று முதுகுவரை இறங்குகிறது.

அத்தை காற்றோடு சேர்ந்து நகர்ந்து நகர்ந்து நின்றார். அங்கிருந்து போக மனசே வரவில்லை. பின்னால் ஒரு பையன் பொறுமையிழந்து, “ஆயா, கொஞ்சம் வழி விடுங்க” என்றான்.

“இருடா, நானே இப்பத்தான் வந்திருக்கேன்” என்றார் அத்தை.