கிழமையைப் பார்த்துவிட்டு மணியைப் பாருங்கள்: கார் இல்லாமல் அவுஸ்திரேலியா

கொழும்பில் பஸ்ஸைத் தவறவிடுவது என்று ஒன்று கிடையாது. புறக்கோட்டையில் ஒரு பஸ் கண்ணுக்கு முன்னால் வெளிக்கிட்டுப் போனால், அதற்குள் பின்னால் நிற்கிற பஸ்ஸின் கொண்டக்டர் உங்கள் பையை வாங்கி உள்ளே வைத்திருப்பார். வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் ஒன்று போனால் பின்னால் இன்னொன்று வரும். இதே பழக்கத்தோடு மகனையோ மகளையோ பார்க்க அவுஸ்திரேலியா போய், "கார் இல்லாவிட்டால் என்ன, ரயிலில் சுற்றிப் பார்ப்போமே" என்று கிளம்புகிறவர்கள்தான் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றலாம், தாராளமாகச் சுற்றலாம். ஆனால் அங்கே முதல் கேள்வி "எத்தனை மணிக்கு?" அல்ல, "எந்தக் கிழமை?"

காரணம் எளிது. பரப்பில் இலங்கையைப் போல 117 மடங்கு. சனத்தொகை ஏறக்குறைய 2.7 கோடிதான், அதிலும் பெரும்பகுதி கரையோர நகரங்களில். கோட்டையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில்பாதை 400 கி.மீ. கூட இல்லை. சிட்னியில் இருந்து பேர்த் 4,352 கி.மீ. நாம் பதினொரு தடவை யாழ்ப்பாணம் போகிற தூரம். அந்தப் பாதையில் நல்லாபோர் சமவெளியில் மட்டும் 478 கி.மீ. ஒரு வளைவும் இல்லாமல் நேராகக் கிடக்கிறது. வளைந்து போய்ப் பார்க்க அங்கே ஊர் இருந்தால்தானே.

ஆகவே பயணத் திட்டம் போடும்போது புறப்படும் நாளில் இருந்து தொடங்காதீர்கள். போக நினைக்கிற வழியில் எந்த வண்டி ஆகக் குறைவாக ஓடுகிறதோ அதை முதலில் பிடியுங்கள். அதன் நாளைக் குறித்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் மற்றவற்றைக் கோத்துவிடுங்கள். சிட்னி–மெல்பேர்ண் ரயில் நாளுக்கு இரண்டு, ஒன்று பகல், ஒன்று இரவு, ஏறக்குறைய 11 மணித்தியாலம். அதை எப்போதும் நகர்த்தலாம். குயின்ஸ்லாந்தில் பிரிஸ்பேனில் இருந்து கேர்ன்ஸ் வரை 1,681 கி.மீ. ஓடும் 'ஸ்பிரிட் ஒஃப் குயின்ஸ்லாந்து' கிழமைக்கு ஐந்து தரம். ஒரு முழு நாள் பயணம், கொஞ்சம் கூடக் கொடுத்தால் இருக்கை படுக்கையாக விரியும். உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் நிலைமை வேறு. லோங்ரீச் போகும் ரயில், சார்லவில் போகும் ரயில், டவுன்ஸ்வில்லில் இருந்து மவுண்ட் ஐசா போகும் ரயில், மூன்றுமே கிழமைக்கு இரண்டு தரம்தான். மெல்பேர்ண்–அடிலெய்ட் 'ஓவர்லாண்ட்' ரயிலும் அப்படித்தான். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால், முன்பின் தெரியாத ஊரில் மூன்று நான்கு நாள் அறை வாடகை கட்ட வேண்டிவரும்.

புரோக்கன் ஹில் இதற்கு நல்ல உதாரணம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் பழைய சுரங்க நகரம், சிட்னியில் இருந்து 1,100 கி.மீ.க்கு மேல். நேரடி ரயில் கிழமைக்கு ஒன்று: திங்கள் விடியச் சிட்னியில் வெளிக்கிட்டு இரவாகும்போது போய்ச் சேரும். அதே ரயில் செவ்வாய் காலையில் திரும்பிவிடும். போக வர டிக்கட் எடுத்தவர் ஊரில் கண்டது தங்கிய அறையின் சுவர்தான். ஆகவே போவது ரயிலில், வருவது வேறு வழியில். புரோக்கன் ஹில்லில் இருந்து, அந்த ரயிலை ஓட்டும் அதே அரச சேவையின் பஸ் ஒன்று விடியற்காலை இருட்டோடு கிளம்பி டப்போ வரை ஓடுகிறது. டப்போவில் இருந்து சிட்னிக்கு நாளாந்த ரயில், ஆறரை மணித்தியாலமளவில். திங்கள் போய், செவ்வாயும் புதனும் ஊர் பார்த்து, வியாழன் இப்படித் திரும்பலாம். பஸ்ஸையும் ரயிலையும் ஒரே டிக்கட்டாகப் பதிவு செய்யுங்கள். ஒரே டிக்கட் என்றால் ஒன்று பிந்தினால் மற்றதில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் அது உங்கள் தலைவிதி.

இன்னொரு பொறியும் அந்த ஊரில் உண்டு. நியூ சவுத் வேல்ஸுக்குள் இருந்தாலும் புரோக்கன் ஹில் தென் அவுஸ்திரேலியாவின் நேரத்தைப் பின்பற்றுகிறது, அதாவது சிட்னியை விட அரை மணி பின்னால். அதிகாலைப் பஸ்ஸுக்கு அட்டவணை சொல்வது எந்த நேரம் என்று அடிக்குறிப்பைப் படிக்காமல் அலாரம் வைக்க வேண்டாம்.

நேரம் பற்றி இன்னும் கொஞ்சம். ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடக்கம் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னி, மெல்பேர்ண், அடிலெய்ட், ஹோபார்ட் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளப்படும். பிரிஸ்பேன், டார்வின், பேர்த் தள்ளுவதில்லை. அந்த மாதங்களில் நாட்டுக்குள் ஐந்து நேரங்கள் ஓடும். கொழும்பில் நண்பகல் 12 மணியானால் பேர்த்தில் 2.30, டார்வினில் 4, பிரிஸ்பேனில் 4.30, அடிலெய்டில் 5, சிட்னியில் 5.30. சிட்னியில் இருந்து பிரிஸ்பேன் போகும் இரவு ரயிலில் "ஒரு மணித்தியாலம் எங்கே போனது" என்று குழம்புவது இதனால்தான்.

அட்டவணையை வாசிப்பதே ஒரு கலை. நம் ஊர் ரயில் அட்டவணை போல நிலையம், நேரம் என்று மட்டும் இருக்காது. நேரத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்துகள் இருக்கும். சிலது "ஏற்ற மட்டும்" அல்லது "இறக்க மட்டும்" என்று அர்த்தம். சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட், காம்பெல்டவுன் போன்ற புறநகர் நிலையங்களில் தூரப் பயண ரயில் நின்றாலும், வெளியே போகும்போது ஏற்றும், உள்ளே வரும்போது இறக்கும், அவ்வளவுதான். சிலது "கேட்டால் நிற்கும்" நிலையங்கள். அங்கே ஏறவோ இறங்கவோ யாரும் பதிவு செய்யாவிட்டால் ரயில் விசில் அடித்துக்கொண்டு போய்விடும். மேடையில் நின்று கை காட்டினால் போதும் என்று இருக்க வேண்டாம். சின்ன நிலையத்தில் இருந்து ஏறுவதானால் பதிவு கட்டாயம்.

டிக்கட் விசயத்தில் நகரமும் தூரமும் இரண்டு உலகம். சிட்னியில் ஓபல் என்ற பயண அட்டை, அல்லது நம் வங்கி விசா, மாஸ்டர் அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம். கொழும்பில் இருந்து கிளம்பு முன் வெளிநாட்டுப் பாவனைக்கு அட்டையைத் திறந்துவிடச் சொல்லி வங்கிக்கு அறிவித்துவிடுங்கள்; வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணமும் ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போதும் தட்ட மறந்தால் கூடுதலாக வெட்டும். நாளுக்கு உச்சவரம்பு உண்டு, வெள்ளி, சனி, ஞாயிறுகளில் அது குறைவு. ஓபல் எல்லை நாம் நினைப்பதைவிடத் தூரம்: நியூகாசில், கோல்பர்ன், பாத்தர்ஸ்ட் வரை போகிறது. நீல மலைகள் பார்க்கப் பத்துப் பேர் சேர்ந்து வான் பிடிக்கிற குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்த மலைகளில் இருக்கும் கட்டும்பாவுக்குச் சாதாரண ரயிலே போகிறது. விமான நிலைய ரயில் நிலையத்துக்கு மட்டும் தனிக் கட்டணம், அது குடும்பமாகப் போனால் கனக்கும். 420 இலக்க பஸ்ஸில் மஸ்கொட் நிலையம் போய் அங்கே ரயில் ஏறினால் அதைத் தவிர்க்கலாம். மெல்பேர்ண் விமான நிலையத்துக்கு ரயிலே இல்லை. 901 பஸ் புரோட்மெடோஸ் நிலையத்தில் விடும், பெட்டி குறைவென்றால் அது போதும்.

விக்டோரியா மாநிலத்தில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். 2023 மார்ச்சில் மாநிலம் முழுவதும் வி/லைன் என்ற தூர ரயில், பஸ் சேவையின் கட்டணத்தை மெல்பேர்ண் நகரத்தின் நாளாந்த உச்சக் கட்டணத்துக்குள் அடக்கினார்கள். அப்போது அது 9.20 டொலர், பிறகு கொஞ்சம் ஏறியிருந்தாலும் முறை அப்படியே. 300 கி.மீ.க்கு மேல், நியூ சவுத் வேல்ஸ் எல்லையில் இருக்கிற ஆல்பரிக்கும் அதே விலை, நாலு மணித்தியாலமளவில் போகலாம். 1993 தொடக்கம் பயணிகள் ரயில் இல்லாத மில்டுராவுக்கு, பாதி ரயில் பாதி பஸ்ஸாகப் போனாலும் அதே விலை. ஆனால் ஆல்பரி போன்ற தூர ரயில்களில் இருக்கை பதிவு வேண்டும். விலை குறைந்ததில் சனம் கூடிவிட்டது. பாடசாலை விடுமுறையில் கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் இருக்கை இராது.

ஆல்பரியில் இறங்கினால் மேடையைக் கவனியுங்கள். ஏறக்குறைய 450 மீற்றர் நீளம். ஒரு முனையில் நிற்பவரின் முகம் மறு முனையில் தெரியாது. விக்டோரியா தன் ரயில்களை 1,600 மி.மீ. அகலப் பாதையிலும், நியூ சவுத் வேல்ஸ் 1,435 மி.மீ. பாதையிலும் ஓட்டியதால், 1962 வரை சிட்னி–மெல்பேர்ண் பயணிகள் எல்லோரும் இங்கே பெட்டி படுக்கையோடு இறங்கி ரயில் மாறினார்கள். அதற்குத்தான் அந்த நீளம். குயின்ஸ்லாந்து போதாதென்று 1,067 மி.மீ. வைத்துக்கொண்டது, இன்றும் அதில்தான் ஓடுகிறது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஒடுக்கப் பாதையில் ஓடிய காலத்தைக் கண்ட கொழும்புக்காரருக்கு இது புதினமாக இராது.

'கான்', 'இந்தியன் பசிபிக்' ரயில்களைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அடிலெய்ட்–டார்வின், சிட்னி–பேர்த் ஓடும் இந்த இரண்டும் இப்போது பொதுப் போக்குவரத்து அல்ல, தண்டவாளத்தில் ஓடும் ஹோட்டல்கள். சாதாரண இருக்கை வகுப்பு முன்பு இருந்தது. மத்திய அரசின் மானியம் நின்றதும் 2016இல் எடுத்துவிட்டார்கள். பேர்த் போக வேண்டுமென்றால் விமானம்தான் புத்தி. பேர்த் போன பிறகு கல்கூர்லிக்கு 'புரோஸ்பெக்டர்' ரயிலில் போகலாம், 653 கி.மீ., ஏழு மணித்தியாலமளவில். தாஸ்மேனியாத் தீவில் 1978க்குப் பிறகு பயணிகள் ரயிலே இல்லை. அங்கே போகும் கப்பலும் 2022இல் இருந்து மெல்பேர்ணை விட்டுக் கீலோங்கில் இருந்து கிளம்புகிறது. பழைய முகவரியை வைத்துக்கொண்டு துறைமுகத்தில் போய் நிற்க வேண்டாம்.

பெட்டி பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவே வீண். விமானத்தில் 30 கிலோ விட்டார்கள் என்று ஒரே சூட்கேசில் மிளகாய்த்தூள், முறுக்கு, சேலை எல்லாம் அடைத்துக்கொண்டு போவது நம் வழக்கம். நியூ சவுத் வேல்ஸ் தூர ரயிலில் ஒப்படைக்கும் பெட்டி ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மொத்தம் 40 விட்டாலும் 30 கிலோப் பெட்டி ஒன்றை வாங்க மாட்டார்கள். தூக்குகிறவரின் முதுகுக்கு வைத்த கணக்கு அது. கொழும்பிலேயே இரண்டு சின்னப் பெட்டியாகப் பிரித்துவிடுங்கள். சின்ன நிலையங்களில் பெட்டி ஒப்படைக்கும் வசதியே கிடையாது, தூக்கி ஏற்றுவது நீங்கள்தான்.

பிந்துவதற்கான காரணங்களைத் தெரிந்து வைத்தால் கோபம் குறையும். கோடையில் வெயில் ஏறினால் தண்டவாளம் விரிந்து நெளியும், அதனால் வேகத்தைக் குறைப்பார்கள், சில நாள் ரயிலை நிறுத்தி பஸ் விடுவார்கள். வடக்கில் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை மழைக்காலம், தெரு நாள்கணக்கில் மூடப்படும். ஒற்றைப் பாதையில் ஒரு முறை பிந்திய ரயில், எதிரே வரும் ஒரு கிலோமீற்றருக்கும் நீளமான சரக்கு ரயில்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி மேலும் பிந்தும். பாதைத் திருத்த வேலைக்காக ரயிலுக்குப் பதில் பஸ் ஓடுவது அங்கே வாராவாரம் நடப்பது. கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஒரு தடவை இணையத்தில் பாருங்கள். நாடு திரும்பும் விமானத்துக்கு முன்பு, உள்நாட்டில் இருந்து வருபவர் ஒரு முழு நாளாவது இடைவெளி விடவேண்டும்.

தூர பஸ்ஸில், கிரேஹவுண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்–டார்வின் என்றால் 1,500 கி.மீ., ஏறக்குறைய ஒரு நாள். உள்ளே குளிர் அடிக்கும், போர்வை கையில் இருக்கட்டும். நடுவில் நிற்பது பெற்றோல் நிலையமும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த ரோட்ஹவுஸ்களில். பொரித்ததும் பாண் வகையும்தான் கிடைக்கும், விலையும் உறைக்கும். புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவது வெட்கமில்லை. போனில் டெல்ஸ்ட்ரா வலையமைப்புத்தான் உள்நாட்டில் கூடத் தூரம் எடுக்கும், அதுவும் ஊருக்கு ஊர் இடையில் இராது. டிக்கட்டைப் படமாகச் சேமித்து வையுங்கள்.

வழியில் கொறிக்கப் பழம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழ ஈ பரவாமல் இருக்கத் தென் அவுஸ்திரேலியாவுக்குள்ளும் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள்ளும் வெளியில் இருந்து பழங்கள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, மீறினால் தண்டம். மெல்பேர்ணில் ஆசையாக வாங்கிய மாம்பழத்தை, அடிலெய்ட் போகும் வழியில் தென் அவுஸ்திரேலிய எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள்.