டேஞ்சர்: பிரபுவின் பிடியிலிருந்து வந்த சொல்

ஆபத்து என்ற பொருளில் இன்று வழங்கும் ‘டேஞ்சர்’ என்னும் ஆங்கிலச் சொல், தலைவனைக் குறிக்கும் ‘டாமினஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழியில் பிறந்து, பழைய பிரெஞ்சின் வாயிலாக ஆங்கிலத்தை அடைந்தபோது, ஒரு பிரபுவின் அதிகாரத்தையே குறித்தது. தண்டிக்க வல்ல ஒருவனின் பிடிக்குள் அகப்பட்டிருப்பதே அன்றைய டேஞ்சர். ஆபத்து என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டியது. ஆயினும் பழைய பொருள் எளிதில் மறையவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில், கடன் பத்திரத்தில் சிக்கிய அந்தோனியோவிடம், ‘நீர் இவருடைய டேஞ்சருக்குள் நிற்கிறீர் அல்லவா?’ என்று, கடன் கொடுத்த ஷைலாக்கைச் சுட்டி, சட்ட அறிஞர் வேடத்தில் வந்த போர்ஷியா கேட்பது அந்தப் பொருளில்தான். இன்றைய வழக்கில் ‘இன் டேஞ்சர்’ என்றால் ஆபத்தில் இருப்பவர். ‘டேஞ்சரஸ்’ என்றால் ஆபத்தை விளைவிப்பவர். இரண்டையும் மாற்றிச் சொன்னால், காப்பாற்றப்பட வேண்டியவரைக் கண்டு ஊரே ஓடும்!